புளி போட்டுத் தேய்த்த ஸ்படிகம்

எங்கள் குடும்பத்து ஸ்வாமிக்கு இரண்டு முகவரி. ஒரு வருஷம் வலியசாலையில் என் வீடு, மறு வருஷம் அதே ஊரில் பட்டம் என்ற பேட்டையில் அண்ணனின் ஃபிளாட். சிவராத்திரி கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கைமாற வேண்டும். அப்பா காலமானபிறகு மற்ற சாமான்களையெல்லாம் பங்கு பிரித்துக்கொண்ட எங்களால், கட்டைவிரல் உயரமுள்ள அந்த ஸ்படிக லிங்கத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஆகவே முறை வைத்துக்கொண்டோம். என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தால்கூட என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள், முன்னால் இருந்தால் யாரையாவது சிரிக்க வைத்துவிடுவேன் என்று. அப்படிப்பட்டவனுக்கு ஒன்றுவிட்டு ஒரு வருஷம் கடவுளையே ஒப்படைத்தார்கள். அந்த ஒரு பெருமை எனக்கு உண்டு.

அந்த வருஷம் என் முறை. சிவராத்திரிக்கு முந்தின வாரம், விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டுப் பார்க்கிறேன், ஸ்வாமி மங்கிப்போயிருக்கிறார். சும்மா மங்கல் இல்லை. குழந்தை பாதி சப்பித் துப்பிய கல்கண்டு மாதிரி, மேலெல்லாம் சொரசொரவென்று, உள்ளே பார்வை போகாமல், பால் படிந்தாற்போல் ஒரு வெளிறல். வேஷ்டி நுனியால் துடைத்தேன். போகவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் தெளிவாக மங்கலாக இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். வந்தது.

விக்கிக்கொண்டே காரணம் தேடினேன். அலுவலகத்துக்கு எதிர்க் கடையில் திங்கட்கிழமை என்றுகூடப் பார்க்காமல் நான் தின்னும் முட்டை பஃப்ஸ்தான் முதலில் கண்முன் வந்தது. அதை இனித் தொடமாட்டேன் என்று அந்த நிமிஷமே சங்கல்பம் செய்துகொண்டேன். அண்ணன் வருவதற்குள் பழைய பளபளப்பு திரும்பிவிட்டால் சங்கல்பத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்றும் ஒரு மூலையில் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணன் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆவுடையின் வெள்ளியில் ஒரு கீறல் இருந்தால் தாழ்வாரத்தில் நின்றபடியே கண்டுபிடிப்பான். மூன்று முறைக்கு முன்னால் ஸ்வாமியை என் கையில் கொடுத்தபோது, புதிதாக ஒரு சட்டமும் சேர்த்துக் கொடுத்தான்: "இனிமே ஜலம், பால், ரெண்டு மட்டும் போறும். தயிர் வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம்." அப்பா பிரதோஷம் தவறாமல் எலுமிச்சம்பழம் பிழிந்துதான் அபிஷேகம் செய்வார். முந்தின முறைகளில் பொறுத்துப்போனேன். இந்த முறைதான், அப்பாவைவிட இவன் பெரியவனா என்ற எரிச்சலில், அண்ணன் தலை மறைந்ததும் பழத்தை நறுக்க ஆரம்பித்தேன். சட்டம் போட்டவன் பட்டத்தில் இருக்கிறான், எலுமிச்சம்பழம் சாலைக் கடைத்தெருவில் இருக்கிறது, எனக்கு எது கிட்டே?

இப்போது ஸ்வாமியைப் பளபளப்பாக்க வேண்டும். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும், பித்தளையோ வெள்ளியோ செம்போ, மங்கினதற்கு ஒரே வைத்தியம்தான். அடுக்களைக்குப் போய் ஒரு உருண்டை புளியை எடுத்து வந்தேன். ஸ்வாமியை ஆவுடையிலிருந்து பெயர்த்துத் தாம்பாளத்தில் உட்காரவைத்து, குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே பக்தியோடு தேய்த்தேன். லேசாக நுரை வந்தது. அழுக்கு கழல்கிறது என்று உற்சாகம். அந்த உற்சாகத்தில் முழு எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து மேலே பிழிந்தேன்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

ஸ்வாமியின் மேனி முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. காதை வைத்துக் கேட்டேன். சீறுகிறார். சந்தேகமே இல்லை.

"அடியே! ஸ்வாமி சீறறார்டீ!"

மனைவி கையில் கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள். "சீறவும் இல்லை, ஒண்ணும் இல்லை. சோடா மாதிரி நுரைக்கறது. என்ன பண்ணித் தொலைச்சேள்?"

"புளி போட்டுத் தேய்ச்சேன். விக்."

"ஏன்னா, அது ஸ்வாமியா, சொம்பா?"

தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சத்தம் நின்றது. முன்னைவிட மங்கலாகி, உச்சியில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகளோடு ஸ்வாமி என்னைப் பார்த்தார். நான் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். "சாஷ்டாங்கமா விழுங்கோ, விக்கலாவது நிக்கும்" என்றாள் அவள். விழுந்தேன். எழுந்திருக்கத்தான் அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

என்னோடு கல்லூரியில் படித்த மலையாளி சிநேகிதன் ஒருத்தன் இங்கேயே ஒரு கல்லூரியில் நிலவியல் துறையில் கல், பாறை, மண் எல்லாம் கற்பிக்கிறான். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஸ்வாமியை விபூதித் துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, அவனுடைய லேபுக்குக் கொண்டுபோனேன். டப்பாவைத் திறந்தவன் முகம் வாடிவிட்டது.

"எடா, நான் தயிர்சாதம்னு நெனச்சுப் போயி."

"விளையாடாதே. இந்த ஸ்படிகத்துக்கு என்ன ஆச்சுன்னு பாரு. புளி பட்டா மங்குமா?"

அவன் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு மேஜை மேல் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரே ஒரு கோடு போட்டு, மங்கின மேனியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தெளியவைத்து, அதன் மேல் ஸ்வாமியை உட்காரவைத்தான். "நோக்கு. எத்ர கோடு?"

குனிந்து பார்த்தேன். இரண்டு கோடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாசத்துக்கு முன்னால் ஆவுடையைக் கழுவும்போது ஸ்வாமியை என் ஒற்றைக் கரை வேஷ்டியின் மேல் வைத்தேன். அப்போதும் கரை இரண்டாகத் தெரிந்தது. கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று நடுங்கிப்போய், கோட்டைக்கு வெளியே ஒரு கண் டாக்டரிடம் ஓடி, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அரைநாள் குருடனாக உட்கார்ந்திருந்தேன். வெறும் வெள்ளெழுத்துதான் என்றார் அவர். இரட்டையாகத் தெரிந்ததே என்றேன். டென்ஷன் குறைக்கச் சொன்னார்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு. கல்லுதான் வேற" என்றான் சிநேகிதன். "இது ஸ்படிகம் அல்லடா. கால்சைட். வெளிச்சம் இதுக்குள்ளே போனா ரெண்டாப் பிரியும், அதான் ரெண்டு கோடு. நல்ல தெளிஞ்ச கல்லு, நீ புளி போட்டுத் தேய்க்கற வரைக்கும்."

"கால்சைட்னா?"

"சுண்ணாம்புடா. நீ வெத்தலையிலே தடவற சுண்ணாம்புக்குப் பங்காளி. விழிஞ்ஞம் கடல்லே எடுக்கற சிப்பி தின்னுட்டு ஓடு எறியறோமே, அதுவும் இதே சரக்கு."

"நீ தின்னுவே."

"சரி, நான் தின்னுவேன். அந்த மாதிரி ஓடு, சிப்பி எல்லாம் கடலடியிலே கோடிக்கணக்கா விழுந்து படிஞ்சு சுண்ணாம்புப் பாறை ஆகும். மழைத்தண்ணி அதைக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சுக் கொண்டுபோயி, ஒரு இடுக்குலே மெல்ல மெல்லத் திரும்பக் கட்டியாக்கும். தண்ணி கட்டின கல்லு, புளிப்புத் தண்ணி பட்டாக் கரைஞ்சு போகும். நுரையா வர்றது வேற ஒண்ணும் இல்லை, சோடாவிலே இருக்கற அதே வாயு."

மனைவி சோடா என்றது எவ்வளவு சரி! வீட்டுக்குப் போனதும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்தேன்.

"அப்ப நிஜ ஸ்படிகம்?"

"அது குவார்ட்ஸ். அதோட பிறப்பு வேற. பூமிக்கு அடியிலே கொதிக்கற தண்ணியிலே சிலிக்கா கரைஞ்சு, பாறை வெடிப்புக்குள்ளே ஏறி, ரொம்ப காலம் எடுத்து ஆறும்போது ஆறு பட்டையா வளரும். பொன்முடி மலை ஏறும்போது ஹேர்பின் வளைவுலே வெட்டின பாறையிலே வெள்ளை வெள்ளையா வரி ஓடுமே, அது அந்த ஜாதிதான். கடற்கரை மண்ணுலே பாதி அதான். நாரங்காநீர், அதான் எலுமிச்சஞ்சாறு, ஒரு குடம் ஊத்து, ஒண்ணும் ஆகாது. கன்னத்துலே வெச்சா ஜில்லுனு இருக்கும். கத்தியாலே கீற முடியாது." என் மணிக்கட்டைத் தட்டினான். "உன் வாட்சுக்குள்ளே ஒரு துண்டு இருக்கு. கரன்ட் குடுத்தா ஒரே கணக்கிலே துடிக்கும், அதை வெச்சுதான் மணி காட்டுது. ஃபாக்டரியிலே வளர்த்ததுதான், ஆனாலும் அசல் குவார்ட்ஸ்."

ஆக, ஸ்படிகம் என் கையில் இருந்திருக்கிறது. விபூதி பூசி, வில்வம் போட்டு நான் கும்பிட்டதோ வெற்றிலைச் சுண்ணாம்பின் பங்காளியை. வாட்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஸ்வாமியை முதலில் வாங்கிவந்த கொள்ளுத்தாத்தாவை யாரோ ஏமாற்றியிருக்கிறான், நாலு தலைமுறையாக நாங்கள் ஏமாந்திருக்கிறோம் என்று நினைக்கவே குஷியாக இருந்தது. முட்டை பஃப்ஸ் நிரபராதி. அண்ணனிடமும் சொல்லிச் சிரிக்கலாம், குழி விழுந்ததை இந்தச் சிரிப்பிலேயே அமுக்கிவிடலாம்.

டப்பாவை மூடும்போது அவன் சாதாரணமாக ஒன்று சொன்னான். "குவார்ட்ஸ்னா நல்ல கெட்டி. கண்ணாடியையே கீறும்."

அங்கேதான் என் சிரிப்பு நின்றது.

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. அதன் கீழ் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோணலாக ஒரு கீறல் உண்டு. சின்ன வயதில், அப்பா குளிக்கப் போன சமயம், ஸ்வாமியின் அடிப்பக்கத்தால் அதைக் கிழித்தது அண்ணன். அடி வாங்கியது நான். கேட்காமலேயே நான்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார், அண்ணனும் மறுக்கவில்லை. எதையும் நம்பிக் கொடுக்கக்கூடாதவன் என்று எனக்கு வீட்டில் அன்றே பெயர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாக விடாமல் அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். பழைய கீறலை விரலால் தடவினேன். நகம் இறங்கும் ஆழம். பிறகு ஸ்வாமியின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே அழுத்தி இழுத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. வெள்ளையாகக் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. ஊதினேன், போய்விட்டது. இன்னொரு தடவை இழுத்தேன். மறுபடியும் மாவுதான். தேய்ந்தது ஸ்வாமி.

கீறல் கிழித்த கல் வேறு. என் கையில் இருக்கும் கல் வேறு.

அப்பா ஆயுசு முழுக்க எலுமிச்சம்பழம் பிழிந்தும் மங்காதது எது என்று அப்போது புரிந்தது. தயிர் வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம் என்ற சட்டம் எதற்கு வந்தது என்றும் புரிந்தது. விக்கல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பயத்துக்குத்தான் விக்கல் போலிருக்கிறது, இதற்கு என் உடம்பில் ஏற்பாடு எதுவும் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போன் பண்ணிக் கேட்டுடுங்கோ" என்றாள்.

"முகத்தைப் பார்த்துக் கேக்கணும்."

"அதுவரைக்கும் இப்படியே கண்ணாடியைச் சொறிஞ்சுண்டு இருக்கப்போறேளா?"

சிவராத்திரி பூஜையை எப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். மந்திரம் வாயில் ஓடியது. மனதில் அண்ணனுக்கான வசனங்கள் ஓடின. குளியலறையில் ஒத்திகை வேறு. 'வாண்ணா, ஸ்வாமி இளைச்சுப்போயிட்டார், எலுமிச்சை டயட்' என்று தொடங்கி, சிரிக்கச் சிரிக்கப் பேசி, கடைசி வரியில் குத்துவது திட்டம். ஆயுளில் எல்லாவற்றையும் அப்படித்தான் சமாளித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனும் மன்னியும் வந்தார்கள். மன்னி கையில் வெள்ளித்தட்டு, தட்டில் மல்லிகைப்பூவும் பட்டுத்துணியும். அண்ணன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், நான் வாயைத் திறக்கும் முன்பே, கேட்டான்:

"புளியா, எலுமிச்சம்பழமா?"

ஸ்வாமி ஏன் இப்படி ஆனார் என்று கேட்கவில்லை. பதறவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். என் ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவே இல்லை.

"ரெண்டும்" என்றேன்.

"சொன்னா கேட்டாத்தானே!"

"நிஜமானது எங்கேண்ணா?"

மன்னி தட்டைப் பார்த்தாள். அண்ணன் பட்டுத்துணியை மடிப்பு மாற்றி மடித்தான். "பத்திரமா இருக்கு. பாங்க் லாக்கர்ல."

"எதுக்கு?"

"எதுக்கா? ஒரு தடவை உன்கிட்டே குடுத்துட்டுப் பால்கனிலேர்ந்து எட்டிப் பார்த்தேன். நீ என்ன பண்ணினே? ஸ்கூட்டர் கொக்கியிலே மரச்சீனிக் கிழங்குப் பை. அந்தப் பைக்குள்ளே ஸ்வாமி. விசில் அடிச்சுண்டு போனே. அன்னிக்கே எனக்குப் பாதி உயிர் போயிடுத்து. வடக்கே யாத்திரை போனபோது அதே அளவுல இது கிடைச்சுது. கடைக்காரனே சொன்னான், புளிப்பு ஆகாதுன்னு."

மரச்சீனிப் பை நிஜம்தான். மரச்சீனிதான் ஸ்வாமி ஆடாமல் இருக்க மெத்தை என்று அன்று என் எண்ணம். அதைச் சொல்லியிருந்தால் மன்னிகூடச் சிரித்திருப்பாள். சொல்ல வரவில்லை.

"அப்ப உங்க முறைல?"

பட்டுத்துணியில் இன்னொரு மடிப்பு விழுந்தது.

"மன்னி, உங்க முறைல எந்த ஸ்வாமிக்குப் பூஜை?"

"நான் அப்பவே வேண்டாம்னேன்" என்றாள் மன்னி, தட்டிடம்.

"அதை லாக்கர்லேர்ந்து எடுப்போம்" என்றான் அண்ணன். "எங்காத்துல அதுதான்."

என் மனைவி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். காப்பி கலக்கிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நின்றது.

"அப்ப நான் மணி அடிச்சது யாருக்குண்ணா?"

"டேய், பாவனைதானேடா முக்கியம். கல்லுல என்ன இருக்கு?"

"கல்லுல ஒண்ணும் இல்லேன்னா நிஜத்தை நீ எதுக்கு வெச்சுண்டே?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது வேடிக்கை சொல்லி முடித்துவைப்பேன் என்று காத்திருந்தது அவன் முகத்தில் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் அப்படித்தான் முடியும், முடித்துவைப்பது என் வேலை. அன்று வேலைக்கு வரவில்லை. சுவர்க் கடிகாரம், அதற்குள்ளும் ஒரு துண்டு குவார்ட்ஸ் இருக்கும், டிக்டிக் என்று போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அவன், "அடுத்த தடவை நிஜத்தையே குடுத்துடறேன். போறுமா?" என்று அலமாரியை நோக்கிக் கையை நீட்டினான். பழக்க தோஷம், ஸ்வாமியை எடுத்துப் பட்டில் சுற்ற வேண்டும் அல்லவா? என் மனைவி குறுக்கே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். நாங்க வேண்டிண்டதெல்லாம் இதுகிட்டேதான்."

வெள்ளித்தட்டில் மல்லிகைப்பூவை மட்டும் வைத்துக்கொண்டு இருவரும் படி இறங்கினார்கள். காப்பி குடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி, "ஸ்வாமி கிளம்பியாச்சா?" என்று வழக்கம்போல் கேட்டாள். "இந்த வருஷம் லீவு மாமி" என்றேன். மாமி சிரித்தாள். அந்தக் காலையில் நான் சொன்ன ஒரே வேடிக்கை, அதுவும் வெளி ஆளிடம்.

அந்த வருஷம் முழுக்கக் குழி விழுந்த ஸ்வாமிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். பால்கூட வேண்டாம் என்று சிநேகிதன் சொல்லிவிட்டான். அண்ணன் போன் செய்தால் பேசுவேன். மழை, சர்க்கரை அளவு, ஆட்டோ கிடைக்காதது எல்லாம் பேசுவோம். பேசிக்கொண்டே, இவன் சொல்கிற சர்க்கரை அளவு நிஜம்தானா என்று நினைப்பேன். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அவன் சொன்னது, எங்கள் ஜாதகம் பற்றிச் சொன்னது, ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணாடியில் இழுத்துப் பார்ப்பேன். ஒருத்தன் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் எத்தனை வருஷத்துச் சாமான்களை மறுபடி சோதிக்க வேண்டியிருக்கிறது! எனக்கு இவ்வளவு பொறுமை உண்டு என்று ஆபீசில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அடுத்த சிவராத்திரி கழிந்த ஞாயிறு அண்ணன் சொன்னபடி வந்தான். மன்னி வரவில்லை, முழங்கால் வலியாம். பட்டுத்துணியைப் பிரித்தான். உள்ளே ஸ்வாமி, காலை வெளிச்சம் முழுக்க வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்தது. அப்பாவின் கைக்குள் பார்த்த அதே தெளிவு. எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்ததும் உண்மை.

"என்னடா கையிலே?"

முன்னால் கொண்டுவந்தேன். அரை எலுமிச்சம்பழம்.

அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவன் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. பிறகு ஸ்வாமியை உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினான்.

"பிழி."

பிழிந்தேன். சாறு உச்சியில் விழுந்து, மேனியெல்லாம் வழிந்து, அவன் விரலிடுக்கில் சொட்டியது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. ஒரு குமிழி இல்லை. ஜில்லென்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"போறுமா?"

"போறும்ண்ணா."

காப்பி குடித்துவிட்டுப் போனான். புது ஸ்வாமியை, அதாவது பழைய ஸ்வாமியை, அலமாரியில் குழி விழுந்தவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மணி அடித்தேன். மனைவி கற்பூரம் காட்டினாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, அவள் பார்க்காத சமயம் பார்த்து, இன்னொரு எலுமிச்சம்பழம் நறுக்கினேன்.